காலக் கணக்கும் வர்க்கக் கணக்கும்

2024 பிப்ரவரி 29 அன்று, மத்தியப் பிரதேசத்தின் உஜ்ஜயினி நகரில் ‘விக்கிரமாதித்திய வேதக் கடிகாரம்’ ஒன்றைப் பிரதமர் மோடி காணொலி வாயிலாகத் திறந்துவைத்தார். ஒரு சூரிய உதயத்திலிருந்து அடுத்த உதயம் வரையிலான பொழுதை 30 முகூர்த்தங்களாகப் பகுத்துக் காட்டுவது இந்தக் கடிகாரத்தின் சிறப்பு என்று கூறப்பட்டது. ஒரு முகூர்த்தம் என்பது 48 நிமிடம். இதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னர்தான், உலகின் முதன்மைத் தீர்க்கரேகையைக் கிரீன்விச்சிலிருந்து உஜ்ஜயினிக்கு மாற்றுவதற்குத் தமது அரசு பாடுபடும் என்று அம்மாநில முதலமைச்சர் மோகன் யாதவ் சட்டமன்றத்தில் பேசியிருந்தார்.

பண்டைய இந்தியாவின் வானியல் சாதனைகள் போற்றத்தக்கவை. அவற்றைப் பள்ளியிலும் பொதுவெளியிலும் மக்களிடம் கொண்டுசெல்வதை எந்த முற்போக்காளரும் எதிர்க்க வேண்டியதில்லை. ஆனால் ‘வேதக் கடிகாரம்’ என்ற பெயரில் நடப்பது அதுவல்ல. காலத்தை அளக்கும் கலை ஒரு மதத்தின், ஒரு நூலின், ஒரு நாட்டின் தனிச்சொத்து என்று நிறுவும் முயற்சி அது. இதில் இரண்டு உண்மைகள் மறைக்கப்படுகின்றன. காலக் கணக்கு உழைப்பின் தேவையிலிருந்து பிறந்தது என்பது முதலாவது. அது பல மக்களினங்களின் கொடுக்கல் வாங்கலில் வளர்ந்தது என்பது இரண்டாவது. உலகின் தொன்மையான நாகரிகங்கள் விட்டுச்சென்ற சான்றுகளே இவ்விரண்டையும் மெய்ப்பிக்கின்றன.

உழைப்பில் பிறந்த கணக்கு

எகிப்தில் நைல் நதியின் வெள்ளமே வேளாண்மைக்கு அடிப்படை. வெள்ளம் வருமுன் கரைகளைப் பலப்படுத்த வேண்டும். அது வடிந்தவுடன் விதைக்க வேண்டும். சில வாரங்கள் விடியல் வானில் தென்படாமல் மறைந்திருக்கும் சிரியஸ் விண்மீன் மீண்டும் தோன்றும் நாளும் வெள்ளம் வரும் பருவமும் நெருங்கி அமைந்ததை உழவர் கண்டனர். அந்தக் கவனிப்பிலிருந்து 30 நாள் கொண்ட 12 மாதங்களும், கூடுதலாக 5 நாட்களும் சேர்ந்த 365 நாள் ஆண்டு உருவானது. நைலின் ஏற்ற இறக்கத்தை முன்கூட்டிக் கணிக்க வேண்டிய தேவையே எகிப்திய வானியலைத் தோற்றுவித்தது என்றும், வேளாண்மையை வழிநடத்துவோர் என்ற முறையில் புரோகிதரின் ஆதிக்கமும் அதனுடன் தோன்றியது என்றும் ‘மூலதனம்’ முதல் தொகுதியின் அடிக்குறிப்பு ஒன்றில் மார்க்ஸ் சுட்டிக்காட்டியுள்ளார்.

மார்க்ஸ் குறிப்பிடும் இந்த இரட்டைத் தன்மையை ஒவ்வொரு நாகரிகத்திலும் காணலாம். வயலில் நின்றவர்களின் தலைமுறை தலைமுறையான அனுபவத்திலிருந்து திரண்ட அறிவு, கோயிலிலும் அரண்மனையிலும் குவிந்து, மீண்டும் அதே உழவர்மீது ஆணையாக இறங்கியது. அவ்வாறு குவிந்த அறிவு தேங்கவும் செய்தது. எகிப்திய ஆண்டு உண்மையான ஆண்டைவிட ஏறத்தாழக் கால் நாள் குறைவு. ஆகவே நான்கு ஆண்டுகளுக்கு ஒரு நாள் வீதம் நாட்காட்டி பருவத்திலிருந்து விலகிச் சென்றது. அதனைத் திருத்தி, நான்காண்டுக்கு ஒரு நாள் சேர்க்க வேண்டும் என்று கி.மு. 238-இல் மூன்றாம் தாலமி காலத்தில் வெளியான கனோபஸ் ஆணை கூறியது. ஆணை கல்லில் பொறிக்கப்பட்டது. ஆனால் நடைமுறையில் நிலைக்கவில்லை.

நாட்கள் கூலியாகவும் வரியாகவும்

வர்க்கச் சமூகத்தில் காலத்தை அளப்பது வெறும் வானியல் வேலையாக இருந்ததில்லை. கி.மு. 21-ஆம் நூற்றாண்டில் மெசபடோமியாவின் ஊர் நகரை ஆண்ட மன்னர்களின் காலத்துக் களிமண் பலகைகள் இதற்குச் சான்று. ஆலயப் பதிவுகளில் உண்மையான மாதங்கள் 29 அல்லது 30 நாட்களாக இருந்தபோதிலும், வேலைக் கணக்குக்கு எல்லா மாதங்களும் 30 நாட்களாகவே கொள்ளப்பட்டன. ஒவ்வொரு வேலைக்குழுவிடமிருந்தும் எத்தனை ‘ஆள்நாட்கள்’ வரவேண்டும், எத்தனை வந்துள்ளன என்று எழுத்தர்கள் கணக்கெழுதினர். குறைந்த நாட்கள் மேற்பார்வையாளரின் பெயரில் கடனாக ஏறி, அடுத்த ஆண்டுக் கணக்கின் முதல் வரியாக நின்றன. உழைப்பை நேரத்தால் அளந்து, அளந்ததைக் கடனாக மாற்றும் வித்தை நான்காயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஆள்வோர்க்குக் கைவந்திருந்தது.

பாபிலோனை ஆண்ட ஹமுராபி தமது அதிகாரி ஒருவருக்கு அனுப்பிய கடிதம் இதைவிடத் தெளிவானது. சந்திர மாதங்கள் பருவத்திலிருந்து பின்தங்கியதால் அவ்வாண்டில் ஓர் அதிக மாதம் சேர்க்கப்பட வேண்டும் என்று மன்னர் ஆணையிடுகிறார். அத்துடன், அடுத்த மாதத்தின் 25-ஆம் நாளில் பாபிலோனுக்கு வந்துசேர வேண்டிய வரி, புதிதாகச் சேர்த்த மாதத்தின் 25-ஆம் நாளிலேயே வந்துசேர வேண்டும் என்றும் எழுதுகிறார். நாட்காட்டியில் ஒரு மாதம் கூடியது. வரி கட்டுவோருக்கு ஒரு நாள்கூடத் தவணை கூடவில்லை.

ரோமில் நாட்காட்டி நீண்ட காலம் புரோகிதக் குழுவின் இரகசியமாக இருந்தது. எந்த நாளில் வழக்காடலாம், எந்த நாளில் கூடாது என்பதை அவர்களே அறிவர். கி.மு. 304-இல், விடுதலை பெற்ற அடிமை ஒருவரின் மகனான நேயஸ் பிளேவியஸ் அந்தப் பட்டியலைப் பொதுச் சதுக்கத்தில் அனைவரும் காண வைத்தார் என்று ரோமானிய வரலாற்றாசிரியர்கள் பதிந்துள்ளனர். பின்னரும் அதிக மாதம் சேர்க்கும் அதிகாரம் புரோகிதர்களிடமே இருந்தது. வேண்டியவர்களின் பதவிக்காலத்தை நீட்டவும் வேண்டாதவர்களின் காலத்தைச் சுருக்கவும் அது பயன்பட்டது. குழப்பம் முற்றிய நிலையில், ஜூலியஸ் சீசர் கி.மு. 46-ஆம் ஆண்டை 445 நாட்கள் கொண்டதாக ஆக்கித்தான் கணக்கை நேர்செய்ய முடிந்தது. அதற்கான அறிவும் எகிப்தின் அலெக்சாந்திரியாவிலிருந்தே வந்தது. இன்று உலகம் வழங்கும் ‘காலண்டர்’ என்ற சொல்லே, மாதத்தின் முதல் நாளில் வட்டி வசூலிப்பதற்கான கடன் பேரேட்டைக் குறித்த இலத்தீன் சொல்லிலிருந்து வந்ததாகும்.

இந்தியாவும் இதற்கு விலக்கல்ல. அரசரின் பகலையும் இரவையும் தலா எட்டுப் பகுதிகளாக நாழிகைக் கணக்கில் பிரிக்கும் கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம், 354 நாட்களை ‘வேலை ஆண்டு’ என்று வரையறுத்து, ஆடிப் பௌர்ணமியில் கணக்கை முடிக்கச் சொல்கிறது. மாதங்களை வகைப்படுத்தும் பகுதியில் 30 நாள் மாதம், 29½ நாள் சந்திர மாதம், 27 நாள் நட்சத்திர மாதம் ஆகியவற்றுடன் 32, 35, 40 என்ற எண்களும் வருகின்றன. இவற்றை முறையே படையினர், குதிரைப் பாகர், யானைப் பாகர் ஆகியோரின் மாதங்கள் என்று அறிஞர் சிலர் விளக்குகின்றனர். வேறு விதமாகப் பொருள்கொள்வோரும் உண்டு. முதல் விளக்கம் சரியெனில், வானத்தில் ஒரே நிலவு தேய்ந்து வளர்ந்தபோதும், யானைக் கொட்டடியில் பணிபுரிந்தவருக்கு மாதம் 40 நாட்கள் கழித்தே முடிந்தது.

நாட்களை எண்ணிய உழைப்பாளிகள்

ஆள்வோர் மட்டும் நாட்களை எண்ணவில்லை, உழைத்தோரும் எண்ணினர். எகிப்திய மன்னர்களின் கல்லறைகளைக் குடைந்த தொழிலாளர்கள் வாழ்ந்த தெய்ர் எல்-மதீனா என்ற சிற்றூர் இதற்கு நேரடிச் சான்று தருகிறது. அங்கு பத்து நாட்கள் கொண்ட வாரமும், அதன் இறுதியில் ஓய்வும் வழக்கிலிருந்தன. இரண்டாம் ராம்சேஸின் 40-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த சுண்ணாம்புக்கல் பதிவேடு ஒன்று இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. தொழிலாளர்களின் பெயர்கள், அவர்கள் வராத நாட்கள், வராததற்கான காரணங்கள் அதில் எழுதப்பட்டுள்ளன. நோய், தேள்கடி, வீட்டில் மது காய்ச்சும் வேலை என்று காரணங்கள் நீள்கின்றன. அரசர்களின் பள்ளத்தாக்கில், தொழிலாளர் குடில்கள் இருந்த இடத்தில், கைக்கு அடக்கமான ஒரு சூரியக் கடிகாரமும் 2013-இல் கண்டெடுக்கப்பட்டது. சுண்ணாம்புக்கல் சில்லில் அரைவட்டம் வரைந்து 12 பகுதிகளாகப் பிரித்த எளிய கருவி அது. மன்னரின் பொற்குவியலில் கிடைக்காத வரலாறு இந்தக் கல்சில்லில் இருக்கிறது.

மூன்றாம் ராம்சேஸின் 29-ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ கி.மு. 1157-இல், இந்தத் தொழிலாளர்களுக்குக் கூலியாகத் தரவேண்டிய தானியம் வரவில்லை. பதினெட்டு நாட்கள் கடந்துவிட்டன, பசிக்கிறது என்று முழங்கியவாறு அவர்கள் காவல் சாவடிகளைக் கடந்துசென்று கோயிலொன்றின் பின்புறம் அமர்ந்தனர். எழுத்தில் பதிவான மிகத் தொன்மையான வேலைநிறுத்தம் என்று இது கருதப்படுகிறது. மாதமும் நாளும் குறித்த அந்தப் பாப்பிரஸ் ஏடு இத்தாலியின் தூரின் அருங்காட்சியகத்தில் உள்ளது. மன்னரின் தெய்வீகத்தை அவர்கள் விவாதிக்கவில்லை. நாட்களை எண்ணிக் காட்டினர். தானியம் வந்தது, நின்றபோது மீண்டும் அமர்ந்தனர். நாட்காட்டி முதன்முதலாக உழைப்பவரின் ஆயுதமானது அங்கேதான்.

உஜ்ஜயினியின் உண்மையான பெருமை

உஜ்ஜயினி பண்டைய இந்திய வானியலின் நடுவரையாக இருந்தது என்பது உண்மை. தீர்க்கரேகைகளை அந்நகரிலிருந்து கணக்கிடும் மரபு இருந்தது. ஆனால் அந்தப் பெருமை எப்படி வந்தது என்பதையே சங்பரிவாரம் மறைக்கிறது.

இந்தியாவில் கிடைக்கும் மிகப் பழைய வானியல் நூலான வேதாங்க ஜோதிடம், வேள்விகளுக்கு நாள் குறிப்பதற்காக எழுந்தது. ஐந்தாண்டு யுகத்துக்கு 1830 நாட்கள் என்பது அதன் கணக்கு; அதாவது ஆண்டுக்கு 366 நாட்கள். ஐந்தாண்டுகளில் ஏறத்தாழ நான்கு நாட்கள் பிழையாகும். மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள விகிதத்தை அது 18 முகூர்த்தம், 12 முகூர்த்தம் என்கிறது. இந்த மூன்றுக்கு இரண்டு விகிதம் பாபிலோனிய நூல்களிலும் உண்டு. வடக்கே ஏறத்தாழ 35 பாகையில் பொருந்தும் இந்த விகிதம், 23 பாகையில் உள்ள உஜ்ஜயினிக்குப் பொருந்தாது. ஆக, ‘வேத’ அளவை வைத்து உஜ்ஜயினியின் பகலைக்கூடச் சரியாக அளக்க இயலாது.

உஜ்ஜயினியுடன் பெயர் பிணைந்த வானியலாளர், 6-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வராகமிகிரர். அவருடைய ‘பஞ்சசித்தாந்திகா’ ஐந்து வானியல் மரபுகளை ஒப்பிடுகிறது. அவற்றுள் ஒன்றின் பெயர் ரோமக சித்தாந்தம். மற்றொன்று பௌலிச சித்தாந்தம். வேதாங்க மரபைச் சார்ந்த பைதாமக சித்தாந்தத்தைத் துல்லியமற்றவற்றுள் சேர்த்த அவர், வெளிநாட்டுத் தொடர்புடைய பௌலிசத்தையும் ரோமகத்தையும் அதனினும் மேலாக வைத்தார். சூரிய சித்தாந்தத்தையே மிகத் துல்லியமானது என்றார். யவனர்கள் மிலேச்சர்களாயினும் இந்த அறிவியலில் வல்லவர்கள் ஆதலால் முனிவர்களைப் போல் மதிக்கப்படுகின்றனர் என்றும் தமது ‘பிருகத் சம்ஹிதை’யில் அவர் குறிப்பிட்டுள்ளார். அலெக்சாந்திரியா நகராகிய யவனபுரத்துக்கும் உஜ்ஜயினிக்கும் உள்ள கால வேறுபாடு 7 நாழிகை 20 விநாழிகை என்று அவரது நூல் தருகிறது. 44 பாகைக்குச் சமமான இந்த அளவு, இன்றைய கணக்கான ஏறத்தாழ 46 பாகைக்கு மிக நெருக்கமானது. உஜ்ஜயினியின் இருப்பிடத்தை அலெக்சாந்திரியாவுடன் இணைத்து அளந்ததே அந்நகர வானியலின் உயரம்.

கிழமைகளின் வரலாறும் இதையே கூறுகிறது. கோள்களின் பெயரால் அமைந்த ஏழு நாள் வாரம் வேதங்களில் இல்லை. மேற்காசிய, கிரேக்க மரபுகளின் கலப்பில் உருவாகி இங்கு வந்த வழக்கம் அது. கிழமையைக் குறிப்பிடும் மிகப் பழைய இந்தியக் கல்வெட்டுகளுள் ஒன்று, மத்தியப் பிரதேசத்தின் ஏரண் என்னும் ஊரில் உள்ள கி.பி. 484-ஆம் ஆண்டுத் தூண் கல்வெட்டு. தமிழ்ப் பஞ்சாங்கங்களில் இன்றும் வழங்கும் ‘ஓரை’ என்ற சொல் கிரேக்க ‘ஹோரா’வின் வழிவந்தது. வேதக் கடிகாரம் நிறுவப்பட்ட வளாகத்தில் உள்ள வானாய்வு நிலையத்தை 18-ஆம் நூற்றாண்டில் கட்டிய இரண்டாம் சவாய் ஜெய்சிங்கும், சமர்கண்டின் உலுக் பேக் வகுத்த அட்டவணைகளைப் பயின்றவரே. அவரது முயற்சியில் உருவான வானியல் அட்டவணைத் தொகுப்பு பாரசீக மொழியில் எழுதப்பட்டு, முகலாயப் பேரரசர் முகமது ஷாவின் பெயரைத் தாங்கியது. அதன் நிழலில் நின்றுகொண்டு ‘அந்நியக் கலப்பற்ற’ காலக் கணக்கைப் பற்றிப் பேசுவது வரலாற்றை அவமதிப்பதாகும்.

நடைமுறையிலும் இந்தக் கடிகாரம் பயன்தராது. அருணாசலப் பிரதேசத்தின் கிழக்கு எல்லையில் சூரியன் உதித்து ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கழித்தே குஜராத்தின் மேற்கு எல்லையில் உதிக்கிறது. உதயத்தில் தொடங்கும் கடிகாரம் ஊருக்கு ஊர் வேறு நேரம் காட்டும். ஒரு பயணிகள் ரயிலைக்கூட அதைக்கொண்டு இயக்க முடியாது.

மேக்நாத் சாஹா காட்டிய வழி

பண்டைய காலக் கணக்கை மதிப்பது எவ்வாறு என்பதை விடுதலை பெற்ற இந்தியா ஒருமுறை செய்து காட்டியது. 1952 நவம்பரில் அறிவியல் மற்றும் தொழிலக ஆய்வு மன்றம் நாட்காட்டிச் சீர்திருத்தக் குழுவை அமைத்தது. அதன் தலைவர் இயற்பியலாளர் மேக்நாத் சாஹா. கிழக்கு வங்கத்தின் எளிய குடும்பத்தில் பிறந்து, சாதி இழிவைச் சந்தித்துப் படித்து உயர்ந்த அவர், 1952-இல் கல்கத்தாவிலிருந்து சுயேச்சையாக மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். அறிவியல் கண்டுபிடிப்பு எதைக் கூறினாலும் ‘எல்லாம் வேதத்தில் உள்ளது’ என்று சொல்வோரை, வேதங்களைப் படித்துவிட்டே மறுத்து எழுதியவர்.

அக்குழு நாட்டின் பல பகுதிகளில் வழங்கிய 30 நாட்காட்டிகளைத் திரட்டி ஆராய்ந்தது. சூரிய சித்தாந்தம் தரும் ஆண்டு, பருவங்களின் உண்மையான ஆண்டைவிட ஏறத்தாழ 24 நிமிடம் நீண்டது என்பதை அது எடுத்துக்காட்டியது. ஆண்டுக்கு 24 நிமிடம் என்பது 1400 ஆண்டுகளில் 23 நாட்களாகத் திரண்டுவிட்டது. சூரியன் வடக்கு நோக்கித் திரும்புவது டிசம்பர் 22 அளவில். மகர சங்கராந்தி கொண்டாடப்படுவதோ ஜனவரி 14 அளவில். பகலும் இரவும் சமமாவது மார்ச் 21 அளவில். சித்திரை பிறப்பதோ ஏப்ரல் 14 அளவில். பண்டைய வானியலாளர்கள் தமது காலத்து வானத்தைப் பார்த்து எழுதினர். பிற்காலப் பஞ்சாங்கக்காரர்கள் வானத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு நூலைப் பார்த்து எழுதினர். பிழை முன்னவருடையதன்று.

குழுவின் அறிக்கை 1955-இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு சாஹா மறைந்தார். 1957 மார்ச் 22, சக ஆண்டு 1879 சைத்ர மாதம் முதல் நாளாகக் கொள்ளப்பட்டு, தேசிய நாட்காட்டி நடைமுறைக்கு வந்தது. அரசிதழின் தலைப்பிலும் வானொலி அறிவிப்பிலும் அது இடம்பெற்றது. பஞ்சாங்கங்கள் பழைய பாதையிலேயே தொடர்ந்தன. பழம்பெருமை பேசும் இன்றைய ஆட்சியாளர்கள் உஜ்ஜயினியில் கோபுரம் எழுப்பினரே தவிர, ஆரியபட்டரும் வராகமிகிரரும் தமது காலத்தில் செய்த திருத்தப் பணியைத் தொடர்ந்த சாஹாவின் அறிக்கையைத் தூசு தட்டவில்லை.

யாருடைய நேரம்?

ஆட்சியாளர்கள் உஜ்ஜயினியில் முகூர்த்தங்களை எண்ணும் அதே ஆண்டுகளில்தான், ஆலைகளில் உழைப்பாளியின் மணிக்கணக்கு மாற்றி எழுதப்படுகிறது. கர்நாடகத்தில் 2023-இல் நாளொன்றுக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்க வழிசெய்யும் திருத்தம் கொண்டுவரப்பட்டது. குஜராத் அரசு 2025 ஜூலையில் அவசரச் சட்டம் மூலம் அதே பாதையில் சென்றது. தமிழ்நாட்டில் 2023 ஏப்ரல் 21 அன்று சட்டமன்றத்தில் நிறைவேறிய அத்தகைய மசோதா, இடதுசாரிகள் மற்றும் தொழிற்சங்கங்களின் உறுதியான எதிர்ப்பினால் மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டுள்ளன. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், இடைவேளை உட்பட ஒரு தொழிலாளி ஆலையில் இருக்கவேண்டிய மொத்த நேரத்துக்குப் பத்தரை மணி என்ற உச்சவரம்பைச் சட்டத்திலேயே எழுதியிருந்தது. புதிய தொகுப்பு எட்டு மணி நேர வேலை என்று கூறிவிட்டு, அந்த மொத்த நேரத்தை அரசின் அறிவிக்கைக்கு விட்டுவிட்டது. அதிக மாதத்தை அரண்மனையின் விருப்பத்துக்கு விட்ட காலத்திலிருந்து இது எவ்வளவு தூரம் நகர்ந்துள்ளது?

ஊரக வேலை உறுதித் திட்டத்தில் 2023 ஜனவரி முதல் கைப்பேசிச் செயலி வழியாக நாளுக்கு இருமுறை படமெடுத்து வருகை பதியும் முறை கட்டாயமாக்கப்பட்டது. இணைய இணைப்புச் சிக்கலால் உழைத்த நாள் கணக்கில் ஏறாமல் போனதாகப் புகார்கள் எழுந்தன. வேலைக்கு வந்த நேரத்தை நிமிடக் கணக்கில் கண்காணித்த அரசு, 15 நாட்களுக்குள் கூலி தரவேண்டும் என்று 2005-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்த காலக்கெடுவில் அதே துல்லியத்தைக் காட்டவில்லை. தெய்ர் எல்-மதீனாவின் தொழிலாளர்கள் எழுப்பிய கேள்வி மூவாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னரும் கிராமப்புறங்களில் எழுகிறது.

வேலைநாளின் வரம்பு என்பது முதலாளி வர்க்கத்துக்கும் தொழிலாளி வர்க்கத்துக்கும் இடையிலான நீண்ட போராட்டத்தின் விளைவு என்பது ‘மூலதனம்’ நிறுவிய உண்மை. வானத்தின் சுழற்சி ஒரு நாளுக்கு 24 மணி நேரத்தைத் தருகிறது. அதில் எவ்வளவு உழைப்புக்கு, எவ்வளவு ஓய்வுக்கு, எவ்வளவு மனித வாழ்வுக்கு என்பதை எந்தக் கோளும் தீர்மானிப்பதில்லை. வர்க்கங்களின் பலம்தான் தீர்மானிக்கிறது.

ஆகவே ‘வேதக் கடிகார’ அரசியலை எதிர்ப்பதற்குப் பண்டைய அறிவைப் பழிக்க வேண்டியதில்லை. அந்த அறிவின் உண்மையான வரலாற்றை மக்களிடம் கொண்டுசெல்வதே தேவை. ஆலை வாயிலில் எட்டு மணி நேர வேலையைப் பற்றிப் பேசும் தோழர்களும், பள்ளிகளிலும் கிராமங்களிலும் அறிவியல் இயக்கப் பணியாற்றும் தோழர்களும் ஒரே பொருளையே பேசுகின்றனர். வராகமிகிரரின் திறந்த மனமும், சாஹாவின் திருத்தும் துணிவும், நைல் கரையில் நாட்களை எண்ணிக்கொண்டு அமர்ந்த கல்தச்சர்களின் உறுதியும் உழைக்கும் மக்களுக்குரிய மரபுகளாகும். அந்த மரபைப் புராணத்திடம் விட்டுக்கொடுப்பதும், எட்டு மணி நேர வேலைநாளை முதலாளியிடம் விட்டுக்கொடுப்பதும் வேறுவேறு தோல்விகள் அல்ல.